அலுமினியத்தில் சைக்கிள் கேரியர்: வீட்டில் எதை வைத்து இணைப்பது?

சைக்கிளுக்குப் பின்னால் மாட்ட முக்கால் அங்குல அலுமினிய சதுரக் குழாயில் ஒரு கேரியர் செய்ய நினைக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ தாங்க வேண்டும். இரும்பு வெல்டிங்குக்கான சின்ன இன்வெர்ட்டர் மெஷின் கையில் இருக்கிறது. அதில் அலுமினிய ராடு போட்டு வெல்டிங் செய்யலாமா, அல்லது வீடியோக்களில் கேஸ் டார்ச் வைத்து உருக்கி ஒட்டுகிறார்களே, அந்தக் கம்பி போதுமா என்பது உங்கள் கேள்வி.

இந்த வேலைக்கு இரண்டுமே வேண்டாம். ரிவிட், எபாக்ஸி பசை, போல்ட், இந்த மூன்றை வைத்தே உறுதியான கேரியர் செய்துவிடலாம். வெல்டிங் மெஷின் இல்லாதவர்களுக்கான சமாளிப்பு என்று இதை நினைக்காதீர்கள். இரும்பில் பழகிய கை எந்த இணைப்பையும் நெருப்பில் இருந்துதான் யோசிக்கத் தொடங்கும். அலுமினியத்தில் நெருப்பைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்தால், வேறு எது செய்யும்போதும் உங்களுக்கு உதவும்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் அதன் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். தேய்த்து எடுத்தாலும் காற்றுப் பட்ட உடனே திரும்ப வந்துவிடும். அந்தப் படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் உள்ளே உலோகம் தண்ணீராகி நிற்க, மேலே படலம் உருகாமல் பை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு துண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் உருகி நிற்கும், ஒன்று சேராது. இன்னும் கொஞ்சம் சூடு கொடுத்தால் மொத்தமாகத் தொய்ந்து கீழே விழும். இரும்பு சிவந்து, மஞ்சளாகி, நமக்குச் சொல்லிவிட்டுத்தான் உருகும். அலுமினியம் நிறமே மாறாது. கூடவே, சாதாரண இரும்பைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். தொடக்கத்தில் எவ்வளவு சூடு கொடுத்தாலும் பற்றாது. குழாய் முழுக்கச் சூடேறியதும் திடீரென்று ஓட்டை விழும்.

இதெல்லாம் பழகினால் சமாளிக்கக்கூடிய சிரமம்தான். பழக்கத்தால் தீராத ஒன்று இருக்கிறது. அதுதான் என் முக்கியமான காரணம்.

கடையில் வாங்கும் சதுரக் குழாய், ஆங்கிள், ஜன்னல் செக்‌ஷன் எல்லாம் பெரும்பாலும் 6063 என்ற கலவை. கொஞ்சம் மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்தது. அதைச் சூடாக்கிக் குளிர வைத்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்திருந்துதான் வலுவேற்றுகிறார்கள். டி5, டி6 என்று பின்னால் வரும் குறி அந்தப் பக்குவத்தைத்தான் சொல்கிறது. நீங்கள் காசு கொடுப்பது உலோகத்துக்கு மட்டுமல்ல, அந்தப் பக்குவத்துக்கும் சேர்த்து. 400 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில நிமிடங்கள் வைத்தாலே அது பெரும்பகுதி போய்விடும். அதன் அண்ணன் மாதிரியான 6061-டி6 கலவையை எடுத்துக்கொண்டால், நிரந்தரமாக வளையத் தொடங்கும் வலு சுமார் 276 மெகாபாஸ்கல். வெல்டிங் செய்த ஓரத்தில் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் பொறியாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் அந்த ஓரம் மெத்தென்று ஆகியிருக்கும். சைக்கிள் தொழிற்சாலைகளில் 6061 ஃபிரேமை வெல்டிங் செய்த பிறகு முழு ஃபிரேமையும் உலையில் வைத்து, திடீரென்று குளிர்வித்து, மறுபடி சூடேற்றிப் பழைய பக்குவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த உலை நம் வீட்டில் கிடையாது.

இனி நீங்கள் கேட்ட இரண்டுக்கும் வருகிறேன்.

ஆர்க் மெஷினில் போடும் அலுமினிய ராடு கிடைக்கிறது. டிசி மெஷினில், ராடை பாசிட்டிவில் மாட்டி ஓட்ட வேண்டும். 3 மி.மீட்டருக்கு மேல் தடிமனான வார்ப்பு பாகமோ தகடோ என்றால் ஓரளவு ஓடும். ராடு மிக வேகமாகக் கரையும், கை அதற்கு ஈடுகொடுத்து ஓட வேண்டும். உங்கள் குழாயின் சுவர் ஒன்றரை மி.மீ. தொட்ட இடமெல்லாம் ஓட்டைதான் விழும். அந்த ராடின் மேல்பூச்சு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும். வெல்டிங் செய்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் கசடு அலுமினியத்தை அரிக்கும். வெந்நீர் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும், குழாயின் உள்பக்கம் போனதை எடுக்க வழியில்லை.

டார்ச்சில் உருகும் கம்பியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அது ஏமாற்று வேலை இல்லை. பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த கம்பி, 380 முதல் 400 டிகிரி சூட்டில் உருகும். செய்முறையும் சரியானதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிட்டு, கம்பியில் நெருப்பைக் காட்டாமல் பாகத்தைச் சூடாக்க வேண்டும். பாகத்தின் சூட்டிலேயே கம்பி உருகி ஓட வேண்டும். ஓடிய குட்டைக்கு அடியில் ஒரு ஸ்டீல் கம்பியால் சுரண்டிவிட்டால் ஆக்சைடு படலம் கிழிந்து கலவை பிடித்துக்கொள்ளும். வீடியோவில் அந்தச் சுரண்டலை ஒரு நொடி காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பலருக்கு ஒட்டாமல் போவது அங்கேதான். உடைந்த வார்ப்பு மூடி, தவறான இடத்தில் போட்ட துளை, மரை தேய்ந்த ஓட்டை ஆகியவற்றை அடைக்க இந்தக் கம்பி அருமையானது. ஆனால் அது உருகும் சூடு என்ன? 380, 400. உங்கள் குழாயின் பக்குவம் கெடும் சூடும் அதே இடத்தில்தான் இருக்கிறது. குறைந்த சூட்டில் ஒட்டுகிறது என்று விளம்பரம் சொல்வது உண்மை. அந்தக் குறைந்த சூடே 6063-க்கு அதிகம். தவிர, கேரியர் மாதிரி நாள் முழுக்க அதிரும் பொருளில், குழாயின் முனை மட்டும் போய் முட்டும் இடத்தை அந்தக் கலவையை நம்பி விட எனக்கு மனம் வராது.

அதை எதற்காவது பயன்படுத்திப் பார்க்க ஆசை இருந்தால் இரண்டு எச்சரிக்கை. இரு பக்கமும் அடைத்த குழாயைச் சூடாக்காதீர்கள், உள்ளே காற்று விரிந்து பாய்ந்துவிடும். ஒரு சின்னத் துளையாவது விட வேண்டும். சமையல் பாத்திரத்தை அதால் ஒட்டாதீர்கள். புளியும் எலுமிச்சையும் படும் இடத்தில் துத்தநாகத்துக்கு வேலை இல்லை.

வெல்டிங் கட்டாயம் வேண்டும் என்ற நிலை வேறு எதிலாவது வந்தால், ‘ஆர்கான் வெல்டிங்’ என்று பலகை வைத்திருக்கும் பட்டறைக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மெஷினில் ஏசி இருக்கிறதா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு டிசி போதும், பல பட்டறைகளில் அதுதான் இருக்கும். அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது ஆக்சைடு படலத்தைப் பிய்த்தெறிகிறது, மறு திசையில் பாயும்போது உலோகத்தை உருக்குகிறது, ஆர்கான் வாயு காற்றைத் தள்ளி வைக்கிறது. நீங்கள் கொண்டுபோகும் பாகத்தில் பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ அனோடைஸோ இருந்தால், இணைப்பு வரும் இடத்தில் அரை அங்குல அகலத்துக்கு முன்பே தேய்த்து எடுத்துவிடுங்கள். பாதி வேலை அதில் முடிந்துவிடும். 7075, 2024 போன்ற விமானக் கலவைகளை மட்டும் வெல்டிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆறும்போதே விரிசல் விடும் குணம் அவற்றுக்கு உண்டு.

சரி, கேரியருக்கு வருவோம்.

உங்கள் வீட்டு அலுமினிய ஜன்னலைப் போய்ப் பாருங்கள். அனேகமாக எங்கும் வெல்டிங் இருக்காது. மூலைக்குள் ஒரு ஆங்கிள் துண்டு, அதில் திருகும் ரிவிட்டும். அடுப்படியில் இட்லிக் கொப்பரையின் காதுகளைப் பாருங்கள், அதுவும் ரிவிட். நெருப்பிலும் ஆவியிலும் வருடக்கணக்காக இருக்கிறது. விமானத்தின் உடம்பு முழுக்க ரிவிட். 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிஸ் காரின் அடிச்சட்டம், அலுமினிய செக்‌ஷன்களை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்தது. எடை 68 கிலோதான். பசை ஓரத்தில் உரியத் தொடங்காமல் இருக்க ஆங்காங்கே திருகுகள் போட்டிருக்கிறார்கள். நான் உங்களுக்குச் சொல்லப்போவதும் அதே சேர்க்கைதான்: பசை பரப்பைப் பிடிக்கட்டும், ரிவிட் ஓரத்தைப் பிடிக்கட்டும்.

இதற்கு நீங்கள் மாற்ற வேண்டியது இணைப்பின் வடிவம். வெல்டிங்கை மனதில் வைத்து வரைந்தால் ஒரு குழாயின் முனை இன்னொன்றின் பக்கத்தில் போய் முட்டும். பசைக்கும் ரிவிட்டுக்கும் முட்டுவது பயனில்லை, ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். எனவே ‘டி’ வடிவ இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் 2 மி.மீ. தகட்டில் வெட்டிய முக்கோணமோ ‘டி’ வடிவமோ வையுங்கள். இரண்டு குழாய்க்கும் ஒரே அகலம் என்பதால் தகடு இரண்டின் மேலும் சமமாக உட்காரும். சதுரக் குழாய் தேர்ந்தெடுத்தீர்களே, நல்ல முடிவு. உருளைக் குழாய் என்றால் இது இவ்வளவு எளிதாக வராது. 19 மி.மீ. குழாய், ஒன்றரை மி.மீ. சுவர் என்றால் மீட்டருக்கு 280 கிராம் சொச்சம். மூன்று மீட்டர் போனாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும், தகடுகளின் எடை பெரிய விஷயமே இல்லை.

பசை எவ்வளவு பிடிக்கும் என்று சந்தேகம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டப்பாவில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, வீட்டுத் தயாரிப்பு என்று மிகவும் குறைத்தே வைப்போம்: சதுர மி.மீட்டருக்கு 5 நியூட்டன். 20 மி.மீ.க்கு 20 மி.மீ. படிந்தால் 400 சதுர மி.மீ. அதாவது 2000 நியூட்டன், சுமார் 200 கிலோ. ஒரு பக்கத் தகட்டுக்கு மட்டும் இவ்வளவு. ஆனால் இது பக்கவாட்டில் இழுக்கும் விசைக்கான கணக்கு. ஸ்டிக்கரை உரிப்பது போல ஒரு ஓரத்தைத் தூக்கினால் எபாக்ஸி சட்டென்று விட்டுவிடும். ஓரத்துக்கு அருகில் ரிவிட் வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

பசையின் வெற்றி தோல்வி பூசுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் இருக்கிறது. முதலில் அசிட்டோன் போட்டுத் துடையுங்கள். பிறகு 120 நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துப் பளபளப்பை மங்க வையுங்கள். மறுபடி அசிட்டோன், சுத்தமான துணியில், துணி கறுக்காமல் வரும் வரை. துடைக்காமல் நேராகத் தேய்த்தால் எண்ணெயை உப்புத்தாள் உள்ளே அழுத்திவிடும். விரலால் தொடாதீர்கள். உடனே பூசுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பூசலாம் என்று விட்டால் படலம் மறுபடி தடித்துவிடும். பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசிவிட்டு, ஈரப் பசையோடே உப்புத்தாளால் இன்னொரு தடவை தேய்ப்பது எனக்குப் பிடித்த முறை. புதிதாக வெளிவரும் உலோகம் காற்றைப் பார்க்காமலே பசையைப் பார்க்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை இந்த வேலைக்கு வேண்டாம். அரால்டைட்டின் சாதாரண, மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். இறுக்கிப் பிழிந்து பசை முழுவதையும் வெளியேற்றிவிடாதீர்கள். நடுவில் ஒரு மெல்லிய படலம் நிற்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். பவுடர் கோட்டிங் போட்ட குழாய் என்றால் ஒட்டும் இடத்தில் அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பசை பெயின்டைத்தான் பிடித்திருக்கும்.

பசை ஈரமாக இருக்கும்போதே ரிவிட் அடித்துவிடுங்கள், அதுவே கிளாம்ப்பாகவும் இருக்கும். அதற்கு எல்லாத் துளைகளையும் முன்பே போட்டு, உலர்வாக ஒரு முறை மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். 4 மி.மீ. பாப் ரிவிட் (ஒரு பக்கத்திலிருந்தே ரிவிட் கன்னால் இழுத்து அடிக்கும் வகை) போதும். 4.1 மி.மீ. ட்ரில் பிட் வேண்டும், 4 மி.மீ. பிட்டில் சிலசமயம் உள்ளே போகாமல் படுத்தும். துளையின் மையம் ஓரத்திலிருந்து குறைந்தது 8 மி.மீ. உள்ளே இருக்கட்டும், ரிவிட்டுக்கும் ரிவிட்டுக்கும் 12 மி.மீ. இடைவெளி. 19 மி.மீ. அகலத்தில் நடுக்கோட்டில் ஒரே வரிசைதான் இடம் கொள்ளும். குழாய் ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு இரண்டு. ரிவிட்டின் நீளத்தைப் பார்க்காமல் வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. உங்களுக்கு 2 மி.மீ. தகடும் ஒன்றரை மி.மீ. சுவரும் சேர்ந்து மூன்றரை மி.மீ. பிடிக்க வேண்டும். பெட்டியில் ‘பிடிக்கும் தடிமன்’ என்று போட்டிருக்கும் எல்லைக்குள் அது வர வேண்டும். தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் உள்பக்கத் தலை தளர்வாக விரியும். ட்ரில் போட்ட பிறகு துளை ஓரத்துப் பிசிறை இரு பக்கமும் எடுங்கள். பெரிய ட்ரில் பிட்டைக் கையால் ஒரு திருப்புத் திருப்பினால் போதும். பிசிறு இருந்தால் தகடும் குழாயும் ஒட்டி உட்காராது. 4 மி.மீ. அலுமினிய ரிவிட் ஒன்று பக்கவாட்டு விசையில் 80 கிலோ அளவு தாங்கும். பசை என்றைக்காவது விட்டால்கூட கேரியர் உடனே விழுந்துவிடாது.

சைக்கிளோடு சேரும் இடத்தில் மட்டும் போல்ட். அது கழற்றி மாட்ட வேண்டிய இடம். பின் சக்கர அச்சுக்கு அருகே ஃபிரேமில் எம்5 மரை, அதாவது 5 மி.மீ. போல்ட்டுக்கான மரை, பல சைக்கிள்களில் இருக்கும். குழாயின் சுவரில் நேரடியாக மரை வெட்டாதீர்கள். ஒன்றரை மி.மீ. சுவரில் எம்5 போல்ட்டுக்கு இரண்டு சுற்றுகூட முழுசாகக் கிடைக்காது. மரை வெட்டியே தீர வேண்டிய இடத்தில் 8 மி.மீ. தடிமன் பட்டை ஒன்றை உள்ளே வைத்து, 4.2 மி.மீ. துளை போட்டு எம்5 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஓட்டுங்கள். மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் அலுமினியம் டேப்பில் ஒட்டாமல் வெட்டும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால் என்று போக வேண்டும். போல்ட் குழாயைக் குறுக்கே துளைத்துப் போகும் இடத்தில் உள்ளே ஒரு புஷ் (போல்ட் நுழையும் சின்னக் குழாய்த் துண்டு) வையுங்கள், இல்லாமல் இறுக்கினால் குழாய் நசுங்கும். வாஷர் பெரிதாக இருக்கட்டும், நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் அலுமினியம் அரிக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஈரமும் உப்பும் சேர்ந்தால்தான். போல்ட் சிறியது, அலுமினியப் பரப்பு பெரியது என்பதால் கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊரில் பெரிய தொல்லை வராது. கிரீஸ் தடவி மாட்டுங்கள். கடற்கரை ஊரில் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துப் புதிதாகத் தடவுங்கள். பித்தளை, செம்பு எதையும் அலுமினியத்தோடு நேரடியாகத் தொட விடாதீர்கள்.

கிரைண்டரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. இரும்புக்கான சாணைக்கல்லில் அலுமினியத்தைப் பிடிக்காதீர்கள். அலுமினியம் கல்லின் துளைகளில் உருகி அடைத்து, அந்த இடம் சூடேறிக் கல் வெடிக்கக்கூடும். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க, அதில் பொறி விழுந்தால் தீ பயங்கரமாக இருக்கும், தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. ஹேக்ஸா பிளேடால் வெட்டி அரத்தால் ராவினாலே உங்கள் கேரியர் முழுவதும் முடிந்துவிடும். அரத்தின் பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தூள் அடைக்காது.

இன்னொரு குணம், இது அலுமினியத்தின் பிறவிக் குணம். இரும்பில் ஒரு அளவுக்குக் கீழே அசைந்தால் எத்தனை லட்சம் முறை அசைந்தாலும் உலோகம் களைத்து விரிசல் விடாது. அலுமினியத்தில் அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. சிறிய அசைவின் களைப்பும் எண்ணிக்கை ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போகும். விறைப்பும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கேரியர் ஆடாமல் இருப்பது பலமாக இருப்பதைவிட முக்கியம். இரண்டு பக்கமும் சரிவாக ஒரு தாங்குகால் கொடுத்து முக்கோணமாக்குங்கள். தகடுகளின் உள்மூலையைக் கூராக விடாமல், முதலில் அங்கே ஒரு துளை போட்டு, அதுவரை வெட்டி, வளைவாக விடுங்கள். விரிசல் எப்போதும் கூர்மூலையிலிருந்துதான் புறப்படும். மார்க்கிங் ஊசியால் ஆழமாகக் கீறாமல் பென்சிலால் கோடு போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

முதல் கேரியரை மாட்டும் முன், மிச்சத் துண்டில் ஒரே ஒரு ‘டி’ இணைப்பை இதே முறையில் செய்து, இறுகிய பிறகு வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள். குழாய் முதலில் வளைந்தால் உங்கள் தயாரிப்பு சரி. பசை ஒரு பக்கத்திலிருந்து சுத்தமாக, கண்ணாடி மாதிரி உரிந்து வந்தால் துடைத்தது போதவில்லை. இரண்டு பக்கமும் பசை ஒட்டி நடுவில் கிழிந்திருந்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது.

மாட்டிய பிறகு முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை ரிவிட் தலைகளைச் சுற்றிப் பாருங்கள். ஒன்று தளர்ந்தால் அதன் ஓரத்தில் கறுப்பாக, மை கசிந்த மாதிரி ஒரு தூள் வரும். உலோகத்தின் மேல் உலோகம் உரசி வரும் தூள் அது. அதைக் கண்டால் துடைத்துவிட்டு ஓட்டாதீர்கள். அந்த ரிவிட்டை 4.1 மி.மீ. பிட்டாலேயே தலையை எடுத்து வெளியேற்றி, துளையை 4.9-க்குப் பெரிதாக்கி, 4.8 மி.மீ. ரிவிட் அடியுங்கள். இரண்டாவது முறையும் அதே இடத்தில் கறுப்பு வந்தால் தவறு ரிவிட்டில் இல்லை, அந்த மூலை ஆடுகிறது. அங்கே சரிவான தாங்குகால் ஒன்று கூடுதலாக வேண்டும்.